பூ விரிந்த அன்றே பூச்சியும் வருகிறது: உஷார்!

துவரையில் முதல் பூ விரிந்த அன்று மாலையே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். காய் பிடிக்கட்டும், ஓட்டை தெரியட்டும், அப்புறம் மருந்துக் கடைக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஓட்டை கண்ணில் படும் நாளில் காரியம் கைமீறிப் போயிருக்கும். பூ விரியும்போது எழும் வாசம் தேனீக்கு மட்டும் போகவில்லை. இருட்டுக்காகக் காத்துக் கிடக்கும் தாய்ப்பூச்சிக்கும் போகிறது.

பொழுது சாய்ந்து முகம் தெரியாத இருட்டு வரும் நேரம்தான் அதன் நேரம். பூங்கொத்துக்கு மேலே படபடவென்று சிறகடித்து, ஒரு பூவில் நீள உறிஞ்சுகுழலை விட்டுத் தேன் குடிக்கும். அடுத்த கொத்துக்குத் தாவும். டார்ச் வெளிச்சம் பட்டால் கண்கள் தணல் துணுக்குபோல மின்னும். வைக்கோல் நிறமும் பழுப்புமாகப் பார்க்க ஒன்றுமில்லாத பூச்சி. முன்சிறகில் சிறுநீரக வடிவில் ஒரு கரும்புள்ளி இருக்கும், பின்சிறகின் ஓரம் கருத்திருக்கும். தேன் குடித்த கையோடு மொட்டிலும் பூவிலும் இளந்தளிரிலும் ஒவ்வொன்றாக முட்டை வைத்துக்கொண்டே போகும். கசகசாவைவிடப் பெரிதில்லை அந்த முட்டை. ஒரே இடத்தில் குவித்து வைத்தாலாவது கண்டுபிடித்துக் கிள்ளிவிடலாம். இது செடிக்கு ஒன்று, கொத்துக்கு ஒன்று என்று காடு முழுக்கத் தூவிவிடுகிறது. ஒரு தாய்ப்பூச்சி தன் சில நாள் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிட வல்லது.

இதன் அறிவியல் பெயர் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. தக்காளிக்காரர் இதைக் காய்ப்புழு என்பார், பருத்திக்காரர் பச்சைப்புழு என்பார், துவரை போட்டவர் காய்த்துளைப்பான் என்பார். கொண்டைக்கடலைக் காட்டிலும் இதேதான். பேர் பலவாக இருப்பதால் இவை வேறு வேறு பூச்சிகள் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். நான் உஷார் என்று கத்துவதற்கு முதல் காரணமே இந்த நினைப்புதான். பக்கத்துக் காட்டுத் தக்காளியில் விழுந்த புழு உங்கள் துவரைக்கு வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 180-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இது வாழும். தாய்ப்பூச்சி காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த பூச்சி 2013-இல் பிரேசிலில் உறுதி செய்யப்பட்டபோது, அங்கே சோயாவையும் பருத்தியையும் ஏற்கெனவே பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். ஆடிப் பட்டத்தில் துவரை போடுவோம், கார்த்திகையில் பூக்கும். காடு மஞ்சளாக நிற்கும்போது அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "பூ நல்லா எடுத்திருக்கு" என்று சந்தோஷமாகத் திரும்பி வருவார். பதினைந்து நாள் கழித்து உள்ளே இறங்கினால் காய்களில் வட்ட வட்டமாக ஓட்டை. தலையைக் காய்க்குள் விட்டு, உடம்பில் பாதியை வெளியே தொங்கவிட்டுப் புழு தின்றுகொண்டிருக்கும். கடைக்கு ஓடுவார். கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதை அடிப்பார். விரல் நீளத்துக்குப் பருத்துவிட்ட புழு அதற்கெல்லாம் அசையாது. "மருந்து போலி" என்பார் அப்பா. மருந்து சரியோ தப்போ, அவர் போன நாள் தப்பு. அவர் வரப்பில் நின்று சந்தோஷப்பட்ட அந்த மாலையில் முட்டை விழுந்துகொண்டிருந்தது. முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து நாள் போதும். அந்த நாட்களை நாங்கள் வருஷா வருஷம் தவறவிட்டோம்.

வாசம் எப்படி ஒரு பூச்சியை இவ்வளவு சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது? அது புரிந்தால்தான் காவல் எங்கே போட வேண்டும் என்பது புரியும்.

பூவின் வாசம் ஒரே பொருள் அல்ல. காற்றில் எளிதில் ஆவியாகும் பல வேதிப்பொருட்களின் கலவை அது. மதுரை மல்லியின் மணத்தில் இருக்கும் லினலூல் வேறு எத்தனையோ பூக்களிலும் உண்டு. தேன் போல மணக்கும் பினைல் அசிட்டால்டிஹைடு, வாதுமை வாசம் வீசும் பென்சால்டிஹைடு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் இவையெல்லாம் பூச்சி உலகத்தில் "இங்கே தேன் இருக்கிறது" என்று பொருள்படும் சொற்கள். தாய்ப்பூச்சியின் உணர்கொம்பில் கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற உறுப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் புரத ஏற்பிகள் ஒவ்வொன்றும் சில குறிப்பிட்ட வாசப் பொருட்களுக்கு மட்டும் பதில் சொல்லும். பினைல் அசிட்டால்டிஹைடை உணரும் ஓஆர்42 என்ற ஏற்பி, அந்துப்பூச்சிகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் பெரிதாக மாறாமல் வழிவழியாக வந்திருக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். நம் காட்டுப் பூச்சிக்குத் தற்செயலாக வாய்த்த திறமையில்லை இது. பூவும் பூச்சியும் பழகிய காலம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

வாசம் காற்றில் விரித்த ஜமக்காளம்போலப் பரவுவதில்லை. ஊதுபத்திப் புகையைப் பாருங்கள், இழை இழையாகப் பிரிந்து, அறுந்து, சுருண்டு போகும். பூ வாசமும் அப்படியே. ஓர் இழை கொம்பில் பட்டவுடன் பூச்சி காற்றை எதிர்த்து முன்னே பறக்கும். இழை அறுந்தால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து தேடும். மறுபடி கிடைத்ததும் முன்னே. இப்படியே வாசம் கிளம்பும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும், கும்மிருட்டிலும்.

பூச்சிக்குத் தேன் ஏன் இவ்வளவு முக்கியம்? தாய்ப்பூச்சி இலையைத் தின்பதில்லை. அதற்குத் தேனும் தண்ணீரும்தான் ஆகாரம், தேன் கிடைத்தால் முட்டையும் பெருகும். பூத்த பயிர் அதற்குச் சோறு போடும் வீடாகவும் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தொட்டிலாகவும் ஆகிவிடுகிறது. இலையின் பச்சை வாசத்துக்கும் அது வரும்தான், கொண்டைக்கடலையில் பூவுக்கு முன்பே முட்டை வைக்கும். ஆனால் துவரையிலும் தக்காளியிலும் பருத்தியிலும் பூப்பருவம்தான் ஆபத்தின் உச்சம். பருத்தியில் தேன் சுரப்பிகள் இல்லாத ரகங்களில் இந்த இனப் பூச்சிகள் முட்டை வைப்பது குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு ஒரு சாட்சி.

இதைவிட என்னைப் பயமுறுத்திய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பூச்சி கற்றுக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், ஒரு வாசத்தோடு சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பழகிய அந்துகள் அடுத்த முறை அதே வாசத்தை நாடின. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பயிர் பூத்து நிற்கும் காட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் பூவில் பசியாறிய பூச்சி அந்த வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். வேறெங்கும் போக அதற்குத் தேவையே இருக்காது.

பூச்சிக்குப் பதிலடி கொடுக்கத் தெரிந்த செடியும் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் ஒரு காட்டுப் புகையிலைச் செடி உண்டு. இரவில் பூத்து, மணம் வீசி, பருந்து அந்து என்னும் பெரிய அந்துப்பூச்சியை அழைக்கும். அந்து வந்து மகரந்தச் சேர்க்கை செய்யும், அப்படியே முட்டையும் வைத்துவிட்டுப் போகும். புழுக்கள் இலையைத் தின்னத் தொடங்கியதும் அந்தச் செடி பூக்கும் நேரத்தையே மாற்றிவிடுகிறது. அடுத்த பூக்களில் பல இரவில் விரியாமல் காலையில் விரிகின்றன, அந்தை அழைக்கும் மணமும் அவற்றில் வீசுவதில்லை. அந்துக்குப் பதில் ஹம்மிங்பேர்ட் என்னும் குட்டிப் பறவை வந்து வேலையை முடித்துக்கொடுக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2010-இல் இதை எழுதினார்கள். நம் துவரைக்கு அப்படி நேரம் மாற்றிக்கொள்ளும் வித்தை கிடையாது. அதற்காக முழித்திருக்க வேண்டியது நாம்தான்.

இப்போது செண்டுமல்லிக்கு வருகிறேன். இந்த எச்சரிக்கையை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

தக்காளிக் காட்டில் ஊடே செண்டுமல்லி நட்டால் காய்ப்புழு குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் நிரூபித்துக் காட்டிய முறை அது: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. செண்டுமல்லிப் பூவின் வாசத்திலிருந்து பென்சால்டிஹைடு, லினலூல், லிமோனீன், பினைல் அசிட்டால்டிஹைடு முதலிய பொருட்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது தாய்ப்பூச்சியின் கொம்பு அவற்றுக்குத் துடித்தது. தக்காளியைவிட செண்டுமல்லியின் அழைப்பு அதற்குப் பலமாகக் கேட்கிறது. அதனால் முட்டை அங்கே விழும், தக்காளி தப்பிக்கும்.

ஆனால் இந்த முறையின் பாதியை மட்டும் செய்கிறவர்கள்தான் அதிகம், அந்தப் பாதி கேட்டில் கொண்டுபோய் விடும். செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதும் தக்காளி நாற்று 25 நாள் வயதும் உள்ளதாக ஒரே நேரத்தில் நட வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டும் சேர்ந்து பூக்க வேண்டும். செண்டுமல்லி பிந்திப் பூத்தால் தக்காளி காவலில்லாமல் நிற்கும். அது முந்திப் பூத்து முடிந்துவிட்டால், அழைப்பு அனுப்பிப் பூச்சியைக் கூப்பிட்டுவிட்டு அது ஓய்ந்திருக்கும், வந்த பூச்சிக்கு மிஞ்சுவது தக்காளிதான். இன்னொன்று, செண்டுமல்லியில் விழுந்த முட்டை அங்கேயே மறைந்துவிடாது. பொரிந்து, பூவுக்குள் புழு வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி தாய்ப்பூச்சியாக எழுந்து வரும். பூவைப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். புழு இருக்கும் பூவைத் தனியே பொறுக்கி அழிக்க வேண்டும். அதைச் செய்யாதவர் காவலுக்கு ஆள் வைக்கவில்லை, காட்டுக்குள் புழுப்பண்ணை வைத்திருக்கிறார்.

இதோடு நம் பண்டிகைக் காலத்தைச் சேர்த்துப் பாருங்கள், என் கவலை புரியும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் ஆயுத பூஜையையும் தீபாவளியையும் குறிவைத்துச் செண்டுமல்லி போடுகிறோம். பூஜை முடிந்த மறுநாள் விலை சரிகிறது. பறிகூலிகூடக் கட்டாது என்று பலர் பூவைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. பறிக்கப் பறிக்க நஷ்டம் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பறிக்காமல் விட்ட ஓர் ஏக்கர் செண்டுமல்லி இரவெல்லாம் வாசம் வீசிக்கொண்டு நிற்கிறது. சுற்றுவட்டாரத்துத் தாய்ப்பூச்சி அங்கே தேன் குடிக்கிறது, முட்டை வைக்கிறது. முட்டை பூச்சியாக மாற வெயில் காயும் காலத்தில் சுமார் ஒரு மாதம், குளிர் கூடினால் இன்னும் சில நாள். ஐப்பசியில் விழுந்த முட்டை கார்த்திகையில் பூச்சியாக எழும்போது அதன் முன்னால் எது பூத்து நிற்கிறது? ஆடிப் பட்டத்துத் துவரை.

அதனால் செண்டுமல்லிக் காட்டுக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன். பூவுக்கு விலை இல்லை என்று முடிவு செய்துவிட்டால், அந்த வாரமே செடியை மடக்கி உழுதுவிடுங்கள். ரோட்டாவேட்டர் ஓட்டினால் மண்ணுக்குள் போன கூட்டுப்புழுவில் ஒரு பகுதி மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும். நிற்கட்டும், அடுத்த முகூர்த்தத்துக்கு விலை வரலாம் என்றால் வையுங்கள், ஆனால் பழுத்த பூவைச் செடியில் விடாமல் பறித்துக் கொட்டி மூடுங்கள்.

அடுத்து, இனக்கவர்ச்சிப் பொறி. ஏக்கருக்கு ஐந்து கட்டியாயிற்று, தினமும் பூச்சி விழுகிறது, இனிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் பொறியில் வைக்கும் குப்பி, பெண்பூச்சியின் வாசத்தைப் போலி செய்வது. அதில் விழுவது ஆண்பூச்சி. முட்டை வைக்கும் பெண்பூச்சியை அது ஈர்ப்பதில்லை, ஏற்கெனவே கூடி முடித்த பெண்பூச்சி பூ வாசத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கும். பொறி ஒரு மணி, அது அடித்தால் திருடன் ஊருக்குள் வந்துவிட்டான் என்று பொருள். தினமும் காலையில் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுவதைக் கண்டால் அன்றே செடிகளில் முட்டை தேடுங்கள்.

பெண்பூச்சியையும் இழுக்கும் வழி உண்டா? ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரத்திலுள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து, செடி வாசப் பொருட்களின் கலவையில் சர்க்கரையும் விஷமும் சேர்த்து, மேக்னெட் என்ற பெயரில் வெளிவந்த மருந்துக்கு அடிகோலினார்கள். பருத்திக் காட்டில் சில வரிசைகளில் மட்டும் அதைத் தெளித்தால் ஆணும் பெண்ணும் வந்து குடித்துச் சாகும். ஒற்றை வாசத்தால் அது நடக்கவில்லை, சரியான பொருட்கள் சரியான விகிதத்தில் கலந்தபோதுதான் பூச்சி ஏமாந்தது. இதைக் கேட்டுவிட்டு யாராவது "பூ வாசனை மருந்து" என்று பாட்டிலை நீட்டினால், லேபிளில் மத்திய அரசின் பதிவு எண் இருக்கிறதா, உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மருந்தை மட்டுமே நம்பியதால் என்ன ஆனது என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 1987-88 பருத்திப் பருவத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் இதே புழு, அந்தப் பத்தாண்டில் புழக்கத்துக்கு வந்திருந்த செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கி நின்றது. விவசாயிகள் திரும்பத் திரும்ப அடித்தார்கள். கடன் ஏறியது, மகசூல் போனது, பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களை நினைக்கும்போது, ஓட்டை விழுந்தபின் கடைக்கு ஓடும் பழக்கத்தை இன்னும் நாம் விடவில்லையே என்று நெஞ்சு பதறுகிறது.

சரி, முதல் பூ விரிந்ததும் என்ன செய்ய வேண்டும்? காட்டுக்குள் நாலைந்து இடங்களில் இறங்கி, இடத்துக்கு ஐந்தாறு செடிகளின் மொட்டையும் பூங்கொத்தையும் புரட்டிப் பாருங்கள். வெண்மஞ்சளாக இருந்தால் புது முட்டை, பழுப்பேறியிருந்தால் பொரியப் போகிறது. முட்டையும் குட்டிப் புழுவும் கண்ணில் படத் தொடங்கிய அன்றே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் தயார். புழு சிறிதாக இருக்கும்போதே என்.பி.வி. வைரஸ் கரைசலை ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸ் அளவைக் குறிக்கும் அலகு) என்ற அளவில் அடிக்கலாம். அது இந்தப் புழுவை மட்டும் தாக்கும், தேனீக்கு ஒன்றும் செய்யாது. வெயில் பட்டால் வைரஸ் வீரியம் இழக்கும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். பெருத்த புழுவிடம் அது எடுபடாது. நான் நாட்களை எண்ணச் சொல்வது இதற்காகத்தான்.

தக்காளிக்கு முட்டை ஒட்டுண்ணியான நுண்குளவியின் அட்டை கட்டுவது நல்ல பலன் தரும். துவரையில் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். துவரையின் பூவிதழ் அடியிலும் காயிலும் இருக்கும் பிசுபிசுத்த ரோமங்களில் அந்த நுண்குளவியால் நடமாட முடிவதில்லை. பறவை உட்கார டி வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு இருபது நடுங்கள். கரிச்சானும் மைனாவும் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது.

புழு பெருத்துவிட்டதா? அப்போதும் விஷத்துக்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. கர்நாடகத்தின் கலபுரகி பக்கத் துவரை விவசாயிகளும் ஆந்திரக்காரர்களும் செய்ததை ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் பல இடங்களுக்குக் கொண்டுபோனது. செடிக்கு அடியில் பாலித்தீன் தாளையோ பழைய வேட்டியையோ விரித்துச் செடியை உலுக்குவார்கள், புழு பொலபொலவென்று உதிரும். அள்ளிக் கோழிக்குப் போட்டுவிடலாம். மூன்று பேர் சேர்ந்தால் வேலை ஓடும். ரசாயனம் அடித்தே தீரவேண்டிய நிலை வந்தால், வேளாண் அலுவலரிடம் புழுவைக் காட்டிக் கேட்டுவிட்டு அடியுங்கள், போன முறை அடித்த மருந்து வகையையே திரும்ப அடிக்காதீர்கள். காலையில் அடிக்க வேண்டாம். துவரைப் பூவுக்குத் தேனீ வரும் நேரம் அது, தேனீ செத்தால் காய் பிடிப்பும் குறையும்.

இந்தப் பூச்சிக்கு வரப்பு தெரியாது. உங்கள் காட்டை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதாது. கார்த்திகை பிறக்குமுன் பக்கத்துக் காட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: தீபாவளிக்கு வெட்டாமல் விட்ட செண்டுமல்லி இன்னும் நிற்கிறதா? நிற்கிறது என்றால், டிராக்டர் வாடகையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டாவது இந்த வாரமே உழச் சொல்லுங்கள்.